சம்பளம் கேட்காத தோட்டத் தொழிலாளி



நம் உலு சிலாங்கூர் புக்கிட் பெருந்துங்கில் பறவைகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர் சிரித்தார். "அங்கே என்ன இருக்கிறது, காக்காவும் மைனாவும்தானே? பறவை பார்க்க பிரேசர் மலைக்கு அல்லவா போக வேண்டும்!" என்றார். பிரேசர் மலைக்குத் தாராளமாகப் போங்கள். கோலகுபு பாரு வழியாக ஏறினால் பக்கம்தான். 1988இலேயே அங்கே அனைத்துலகப் பறவை காணும் போட்டி தொடங்கியது. ஆனால் அந்த மலைப் பக்கத்துச் சரிவுகளில் உருவாகும் சிலாங்கூர் ஆறு மலையோடு நின்றுவிடவில்லை. உலு சிலாங்கூரில் இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தையைத் தொட்டு, கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம் நாம். நம் செம்பனைக் காட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நண்பர் சொன்ன காக்காவிலிருந்தே தொடங்குகிறேன். அமாவாசைக்கு நாம் சோறு வைக்கிறோமே, அந்தச் சாம்பல் நிறக் கழுத்துக் காகம், இந்த மண்ணின் பறவை இல்லை. ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், காப்பிச் செடியைத் தின்ற கம்பளிப்புழுவைப் பிடிப்பதற்காகச் சிலோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போனது, பால்மரம் வந்தது, அதுவும் போய்ச் செம்பனை வந்தது. காகம் மட்டும் போகவில்லை. அது இருக்கும் இடத்தைத் தேடிக் குயிலும் நிலையாகத் தங்கிவிட்டது, முட்டையிடக் காக்கைக்கூடு வேண்டுமே! ஒரு காலத்தில் வேலைக்கென்று கூப்பிட்ட அந்தக் காகத்தைப் பிற்காலத்தில் நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்துச் சுட்டன. காகம் பெருகியதற்குக் காரணம் நாம் திறந்து போட்ட குப்பைத் தொட்டி என்பதை யாரும் அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

காகத்தை விடுங்கள். இன்று நான் பேச வந்தது வேறொரு பறவையைப் பற்றி. பெயரைச் சொன்னால் பாட்டிமார்கள் முகம் சுளிப்பீர்கள். கூகை. சாவுக்குருவி என்றும் சொல்வோம். லயத்துக் கூரையில் வந்து அலறினால் அந்த வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்று விளக்கைப் போட்டு, துடைப்பத்தைத் தூக்கி, கல்லெறிந்து விரட்டிய தலைமுறை நாம். அது அலறுவது உண்மைதான். கூகைக்கு மற்ற ஆந்தைகளைப் போலக் குழறத் தெரியாது, துணி கிழிவது போலக் கீச்சிடும். நடுராத்திரியில் கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அது யாரையும் கூப்பிட வரவில்லை, எலியைத் தேடி வந்திருக்கிறது.

செம்பனையை எலி என்ன பாடு படுத்தும் என்று பழம் வெட்டும் அண்ணன்மார்களைக் கேளுங்கள். பழுத்த குலையைக் கடிக்கும், உதிர்ந்த பழத்தை இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்றும் செய்யும். செம்பனையில் மகரந்தச் சேர்க்கை செய்வதற்கென்றே 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வண்டின் புழு ஆண் பூங்கொத்தில் வளரும். எலி அதையும் குதறித் தின்னும். விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து வரை எலிக்கே போகலாம் என்பது தோட்டத்துறையில் சொல்லும் கணக்கு.

கூகை ஒரு காலத்தில் தீபகற்ப மலேசியாவில் அரிய பறவை. 1960களின் கடைசியில்தான் ஜொகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது குஞ்சு பொரித்தது தெரிய வந்தது. தீனி நிறைய இருந்தது, ஆனால் கூடு வைக்க இடமில்லை. கூகை கூடு கட்டாது, மரப்பொந்து தேடும். செம்பனையில் ஏது பொந்து? ஆகவே கம்பம் நட்டு அதன்மேல் மரப்பெட்டி வைத்தார்கள். பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது பல தோட்டங்களில் வைக்கும் கணக்கு. ஒரு சோடிக் கூகையும் அதன் குஞ்சுகளும் சேர்ந்தால் ஓர் ஆண்டில் ஆயிரத்தை ஒட்டிய எலிகளைத் தின்னும். பிரட்டுக்கு வராது, லீவு கேட்காது, சம்பளமும் கேட்காது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களிலும் இந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம்.

அடுத்த முறை அப்படி ஒரு பெட்டிக்குக் கீழே நின்றால் தரையைப் பாருங்கள். கட்டைவிரல் அளவில் கறுப்பாக உருண்டை கிடக்கும். புதிதென்றால் வார்னிஷ் பூசியது போல் பளபளக்கும். எச்சம் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாய்வழியே கக்கிவிடும். கையுறை போட்டு எடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஊறவையுங்கள். சாம்பல் நிற முடி பிரியும். அடியில் மண்டை ஓடு, தாடை, ஆரஞ்சு நிற முன்பற்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். எத்தனை மண்டை ஓடு என்று எண்ணினால் எத்தனை எலி என்று தெரிந்துவிடும். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சரி, இவ்வளவு வேலை செய்கிற பறவைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? விஷம் கொடுக்கிறோம். எலி மருந்தில் இரண்டு தலைமுறை உண்டு. பழைய மருந்து வார்ஃபரின். எலி அதைப் பலமுறை தின்றால்தான் சாகும், உடம்பிலும் நெடுநாள் தங்காது. அதற்குப் பின் வந்தது புரோடிஃபகூம் போன்ற மருந்துகள். ஒரு முறை தின்றாலே போதும். ஆனால் எலி உடனே சாகாது. சில நாள் மந்தமாக, தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்குச் சுலபம். அந்த எலியின் ஈரலில் இருக்கும் விஷம் கூகையின் ஈரலுக்குப் போய், மாதக்கணக்கில் அங்கேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். இது என் கற்பனை இல்லை. இந்த நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் புதிய மருந்துகள் வந்த பிறகு கூகைகள் அடியோடு குறைந்ததை டக்கெட் என்பவர் 1984இலேயே எழுதி வைத்திருக்கிறார். நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. ஒரு கையால் பெட்டி வைத்து, மறு கையால் மருந்து வைப்பதை இன்னுமா செய்துகொண்டிருப்பது? இதற்கு நான் வைக்கும் பெயர் கஞ்சத்தனம்கூட இல்லை, அறியாமை.

பறவையின் வேலையை மதித்து அதைக் காப்பாற்றியவர்கள் நம்மவர்களிலேயே உண்டு. செங்கல்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்த பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஊர்க்காரர்களுக்குச் சாதகமாக எழுதிக் கொடுத்தார். பக்திக்காக அல்ல, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த உழவர்களுக்குத் தெரியும். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு ஊரே வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் பட்டாசு ஆசை இருக்காதா என்ன?

நம் வயல்களுக்கும் ஒரு புது ஆள் வந்திருக்கிறார். நத்தைகுத்தி நாரை. இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் அதைப் பார்த்தவர் அரிது. இப்போது வடக்கிலிருந்து கூட்டமாக இறங்குகிறது. அலகின் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், மூடினாலும் மூடாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நெற்பயிரைத் தின்னும் தங்க நத்தை இருக்கிறதே, வாய்க்கால் ஓரம் இளஞ்சிவப்பாக முட்டை ஒட்டிவைக்குமே, அதுதான் இந்த நாரைக்கு விருந்து. மருந்தடிக்கும் முன் விவசாயிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடற்கரைப் பக்கம் போனால் கதை இன்னும் பெரிது. மலாவாத்தி குன்றின் அடிவாரத்தில் 1987இல் அமைந்த கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவைப் பலர் குரங்கு பார்க்கும் இடமாகத்தான் நினைக்கிறார்கள். அதே ஆண்டு தேசிய விலங்குக் காட்சிசாலையில் அழிந்துவரும் பால்நிற நாரையை இனப்பெருக்கம் செய்யத் தொடங்கி, பின்னால் கோலசிலாங்கூரில் பறக்கவிட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் காட்சிசாலையில் சுதந்திரமாகத் திரிந்த மஞ்சள்மூக்கு நாரை, அதாவது வேடந்தாங்கலுக்கு வருகிற அதே சாதி, இதோடு கலந்து கலப்பினக் குஞ்சுகள் பிறந்துவிட்டன. அழிவின் விளிம்பில் நிற்கும் இனத்துக்கு இது ஒரு தலைவலி. பறவையைக் கூண்டிலிருந்து திறந்துவிடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

சேற்றுக் கரையில் செப்டம்பர் முதல் மார்ச் வரை நிற்கும் உள்ளான்களும் மற்றக் கரைப்பறவைகளும் சைபீரியாப் பக்கத்திலிருந்து வருகின்றன. நீர் ஏறினால் அவை ஒதுங்க உலர்ந்த இடம் வேண்டும். காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் ஆயிரக்கணக்கில் அவை கூடியது உண்டு. பறவைக்கு அழகான இடம் தேவையில்லை, தொந்தரவில்லாத இடம் போதும். நமக்கும் மலைக்கு ஏறினால்தான் பறவை என்ற நினைப்பு வேண்டாம். மலாயாப் பறவைகளைப் பற்றிய அறிமுக நூலை ஜி. சி. மடோக் என்ற போலீஸ் அதிகாரி, ஜப்பான்காரன் காலத்தில் சாங்கி சிறையில் இருந்தபடி எழுதினார். நமக்குக் கைத்தொலைபேசியும் ஈபேர்ட் செயலியும் இருக்கின்றன.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். செம்பனை ஓரமாகக் குடியிருப்பவர்கள், கூகைப் பெட்டி எங்கே இருக்கிறது, அதில் பறவை இருக்கிறதா, அடியில் புது உருண்டை கிடக்கிறதா என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். பெட்டியில் ஏறாதீர்கள், குஞ்சைப் படம் எடுக்க விளக்கு அடிக்காதீர்கள். செத்த கூகையைக் கண்டால் தொடாமல் இடத்தையும் தேதியையும் எழுதி, வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கு இன்னும் ஒரு வேலை. அடுத்த முறை எலி மருந்துப் பெட்டி கைக்கு வரும்போது, அதன்மேல் அச்சடித்திருக்கும் மருந்தின் பெயரைப் படம் பிடித்து நம் புலனக் குழுவுக்கு அனுப்புங்கள். யார் அனுப்பியது என்று வெளியே வராது. தோட்ட நிர்வாகத்திடம் போய்ப் பேசுவதைக் குழுவை நடத்தும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.