மண்டபம் தயார், நாடகம் எங்கே?



கிள்ளானில் ஆகட்டும், பிரிக்பீல்ட்ஸில் ஆகட்டும், ஒரு நாடகக் குழு கூடிவிட்டால் முதலில் என்ன நடக்கிறது? மண்டபம் எது என்று பேசுவார்கள். சிறப்பு விருந்தினர் யார் என்று பேசுவார்கள. நுழைவுச்சீட்டு பத்து வெள்ளியா, இருபது வெள்ளியா என்று பேசுவார்கள். ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணமும் போய்விடும். எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் மெல்லக் கேட்பார்: "அது சரி, என்ன நாடகம் போடப் போகிறோம்?"

மாப்பிள்ளையைப் பார்க்காமலே கல்யாணப் பத்திரிகை அடித்த கதைதான் இது. அதற்குள் நாள் நெருங்கிவிடும். பழைய புராணக் கதை ஒன்றைத் தூசி தட்டுவார்கள். இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் பார்த்த நகைச்சுவைத் துணுக்குகளை ஒட்டுப்போட்டு ஒரு மணி நேரத்தை நிரப்புவார்கள். புராணம் ஆடுவதில் குற்றமில்லை. சிரிப்பதிலும் குற்றமில்லை. ஆனால் இந்த மண்ணில் நம் பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த வாழ்க்கை எப்போது மேடை ஏறும்?

"நல்ல நாடகம் எழுதுவார் இல்லை" என்பது வழக்கமான பதில். எழுதியிருக்கிறார்கள். தேடிப் படிப்பார்தான் குறைவு. படிக்காதவருக்கு முப்பது ஆண்டு பழைய நாடகமும் புது நாடகமே.

முதலில் நம் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்போம். 1942 இல் கெடா மாநிலம் பீடோங்கில் பிறந்தவர் கே. எஸ். மணியம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்தவர். ஆங்கிலத்தில் எழுதியவர். 2020 இல் மறைந்தார். அவர் எழுதிய 'தி கார்ட்' என்னும் நாடகம் 1980களில் மேடை ஏறியது. கதை நடப்பது ஒரு தோட்டத்தில். முனியாண்டி என்னும் கிழவர், அவருடைய உடுக்கை, அவருடைய மகன் ரத்தினம், அவர்கள் மேல் அதிகாரம் செலுத்தும் முத்தையா. தகப்பன் உடுக்கையை விட மாட்டார். மகனுக்கோ அந்தச் சத்தமே ஆகாது. இடையில் ரத்தினத்தின் பிறப்பைப் பற்றி மூடி வைத்த உண்மை ஒன்று வெடிக்கிறது. இதில் எது நமக்குத் தெரியாதது? லயத்தில் பிறந்தவர் யாரும் முனியாண்டியைப் பார்த்திருப்பார்.

அந்தத் தலைப்பைத் தமிழில் என்னவென்று சொல்வது? கயிறு என்றால் கட்டி வைப்பது. கொடி என்றால் தொப்புள் கொடி. இரண்டுமே நாடகத்துக்குள் இருக்கின்றன. அந்தக் கேள்வியோடுதான் தமிழில் வேலை தொடங்க வேண்டும். முனியாண்டி மனத்துக்குள் தமிழில்தான் பேசியிருப்பார். ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். அவரை மறுபடியும் தமிழில் பேச வைப்பது யார் கடமை? பால்மரம் வெட்டியவர்களும் பெரட்டுக்கு நின்றவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிள்ளானைச் சுற்றி இருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். அந்தப் பேச்சு வழக்கைச் சரிபார்த்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தால்தான் உண்டு.

அதே மணியத்தின் இன்னொரு நாடகம் 'தி சேண்ட்பிட்'. சாந்தா, சுமதி என்று இரண்டு பெண்கள். ஒரே கணவனுக்கு மனைவியர். வீட்டுக்கு வராத அவனைப் பற்றி இரண்டு பேரும் பேசும் பேச்சுதான் நாடகம். ஒருத்தி பொறுமை, மற்றவள் கோபம் என்று தொடங்கும். போகப் போக அந்தக் கணக்கு மாறிவிடும். பெரிய அரங்க அமைப்பு தேவையில்லை. நல்ல நடிகைகள் இருவர் இருந்தால் போதும். ஆட்கள் குறைவாக உள்ள குழுவுக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை.

அடுத்தது, பிரிக்பீல்ட்ஸுக்கு உறவான ஊரிலிருந்து வருகிறது. ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் குடியிருந்த வட்டாரம் பிரிக்பீல்ட்ஸ். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. அந்த யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நாடகத்தை உயிரோடு வைத்திருந்தவர் குழந்தை ம. சண்முகலிங்கம். 2025 இல் மறைந்தார். 1985 இல் மேடை ஏறிய அவருடைய 'மண் சுமந்த மேனியர்' பேர் பெற்ற நாடகம். ஆனால் இங்கே முதலில் படிக்க வேண்டியது 'எந்தையும் தாயும்'. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தனித்து நிற்கும் முதியவர்களின் கதை. பிள்ளை சிங்கப்பூரில், பெண் ஆஸ்திரேலியாவில், தீபாவளிக்குத் தொலைபேசி மட்டும் என்று வாழும் பெற்றோர் கிள்ளானில் இல்லையா? இந்த நாடகம் போட்டால் பார்வையாளர் தங்கள் வீட்டையே பார்ப்பார்கள்.

தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று: கவிஞர் இன்குலாப் எழுதிய 'ஔவை'. ஔவை என்றாலே கோலூன்றிய பாட்டி என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இன்குலாப் காட்டுபவள் சங்க காலத்து ஔவை. பாடி ஆடித் திரியும் இளம் பெண். அதியமானின் தோழி. அ. மங்கை இதைத் தமிழ்நாட்டில் இயக்கினார். மாறுவேடப் போட்டியில் நரைமுடி ஒட்டிக்கொண்ட மாணவி, இதில் தன் வயதிலேயே ஔவையாக நிற்கலாம்.

இன்னொன்று மலாய் நாடகம். சிங்கப்பூர் எழுத்தாளர் அல்ஃபியான் சாஅத் எழுதிய 'பாரா'. ஜோ குகதாஸ் இயக்கத்தில் 2011 இல் கோலாலம்பூரில் மேடை ஏறியது. 'இந்தர்லோக்' நாவல் பாடநூலானபோது, அதில் இருந்த சாதிச் சொல்லால் எழுந்த கொந்தளிப்பு பலருக்கு நினைவிருக்கும். அதை வைத்து, வெவ்வேறு இனத்து மாணவர்களின் நட்பு எப்படிச் சோதனைக்கு உள்ளாகிறது என்று இந்த நாடகம் கேட்கிறது. கூட்டங்களில் கோபமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போன விஷயத்தை, ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறது. நம் இளைஞர்களும் அவர்களுடைய மலாய், சீன நண்பர்களும் சேர்ந்து நடிக்கத் தக்கது.

"இதெல்லாம் கனமான விஷயம், சனம் வராது" என்பார்கள். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' ஒரு வறண்ட கிராமத்தின் தாகத்தைப் பற்றிய நாடகம். அதற்கு 1980 இல் சென்னையில் கூட்டம் வரவில்லையா? மறு ஆண்டே கே. பாலசந்தர் அதைப் படமாக எடுக்கவில்லையா? தன் கதை என்று தெரிந்தால் சனம் வரும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன், குழுவினர் ஒரு மாலை வட்டமாக உட்கார்ந்து நாடகத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு பானைத் தேநீர்ச் செலவுதான். கேட்பவர் கண் மேலே நிமிர்ந்தால் அந்த நாடகம் ஓடும். கைத்தொலைபேசியைத் தேடினால் அடுத்ததை எடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு உரிமை கேளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுடையது. எழுத்தாளர் பெயரைச் சுவரொட்டியில் நடிகர் பெயருக்குச் சமமாகப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. நாடகம் முடிந்ததும் வசனத் தாள்களை வீசிவிடாதீர்கள். மாலையும் பொன்னாடையும் மறுநாள் வாடிவிடும். அச்சாகாத நாடகம் ஒரே இரவில் பிறந்து அதே இரவில் இறந்துவிடுகிறது. நூறு படியாவது அச்சிட்டு, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் இரண்டு படி வையுங்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து ஒரு குழு கூடி, "என்ன நாடகம் போடலாம்?" என்று கேட்கும். அந்தப் பிள்ளைகள் கையில் எடுக்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?