குழாய் வருமுன் கேட்கவேண்டியவை

நிலத்தின் அடியிலோ கடலின் அடியிலோ எண்ணெயும் எரிவாயுவும் உண்டெனக் கண்டவுடன், அவற்றை எடுப்பதால் வரும் வருவாயைக் கணக்கிடப் பலர் முன்வருகின்றனர். அவற்றை எடுப்பதால் இழப்பது யாது, இழப்பவர் யாவர் என்னும் கணக்கைப் போடுவோர் சிலரே. இந்த இரண்டாவது கணக்கையே சுற்றாடல், சமூகத் தாக்க மதிப்பீடு என இந்நாளில் வழங்குகிறோம். இதனைச் சட்டத்தின் கட்டாயமாக்குவதில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் வழிகாட்டின. அங்கு 1970ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அதற்குரிய சட்டம் கையொப்பமாயிற்று. இன்று உலகின் மிகப் பெரும்பாலான நாடுகளில் இம்முறை உண்டு. ஆயின், முறை இருப்பது வேறு. அது முறையாக நடப்பது வேறு. முறையாக நடந்த ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1968ஆம் ஆண்டு அலாஸ்காவின் வடகரையிலுள்ள புரூடோ குடாவில் பெருமளவு எண்ணெயும் எரிவாயுவும் கண்டறியப்பட்டன. அவ்வெரிவாயுவை யூக்கொன் பிரதேசத்தின் வடகரையோரமாகக் கொண்டுவந்து, கனடாவின் மக்கென்சி ஆற்றுக் கழிமுகத்து வாயுவையும் சேர்த்து, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே தெற்கே அனுப்பக் குழாய்வழி ஒன்று அமைக்க நிறுவனங்களின் கூட்டொன்று முன்வந்தது. அதன் விளைவுகளை ஆராயுமாறு கனடிய அரசாங்கம் 1974ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தோமஸ் பேர்கர் என்னும் நீதிபதியை நியமித்தது.

அந்நிலம் ஆளற்ற பனிவெளியன்று. டெனே, இனுவியாலுயிட், மெற்றி என்னும் மக்கள் அங்கு வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். யூக்கொனின் கரையோரச் சமவெளிக்கு, கரிபூ என்னும் கலைமான்கள் இலட்சத்துக்கு மேற்பட்டவை ஆண்டுதோறும் கன்று ஈன வருகின்றன. மக்கென்சிக் குடாவின் வெதுவெதுப்பான நீரை நாடி வெண்டிமிங்கிலங்கள் கன்றுகளுடன் கூடுகின்றன. மண்ணோ ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பது. சூடான குழாயை அதிற் புதைத்தால் நிலம் உருகிக் குழையும். அதனால் வாயுவைக் குளிரவைத்து அனுப்பலாம் என்றனர் பொறியியலாளர். ஆனால், அக்குளிர்ந்த குழாய் உறையாத ஈரமண்ணை ஊடறுக்கும் இடங்களில் மண்ணிலுள்ள நீர் உறைந்து, பருத்து, குழாயையே மேலே தள்ளிவிடுமே! ஒரு தீங்குக்குத் தேடிய பரிகாரம் மற்றொரு தீங்கைப் பெறுவதை அவ்விசாரணை வெளிப்படுத்தியது.

நேயர்களே, இத்தகைய மதிப்பீடுகளில் ஓர் இயல்பான குறைபாடு உண்டு. திட்டத்தை முன்வைப்பவரே பெரும்பாலும் அதன் தாக்க அறிக்கையையும் தயாரிப்பிக்கின்றார். மாணாக்கன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போன்றது இது. பேர்கர் இதற்குக் கண்ட மருந்து மூவகைப்பட்டது.

முதலாவதாக, கம்பனிகளிடம் நிபுணர்கள் இருந்தார்கள், கிராமத்தாரிடம் இல்லை. எனவே, பழங்குடி மக்களின் அமைப்புகளும் சுற்றாடற் குழுக்களும் தமக்கெனச் சட்டத்தரணிகளையும் அறிஞர்களையும் அமர்த்திக்கொள்ள அரசாங்கப் பணத்திலேயே வழிசெய்தார்.

இரண்டாவதாக, மக்களைத் தம்மிடம் அழைக்காமல் தாமே மக்களிடம் சென்றார். அப்பிரதேசத்தின் 35 குடியிருப்புகளுக்கும் போய், ஏறத்தாழ ஆயிரம் பேரின் சாட்சியத்தைக் கேட்டார். அவரவர் தாய்மொழியிலே பேசினர். அகவை முதிர்ந்த வேடன் சொன்னதும் பல்கலைக்கழகப் பேராசிரியர் சொன்னதும் ஒரே பதிவேட்டில் ஏறின.

மூன்றாவது மருந்து வானொலி. விசாரணையில் அன்றன்று நிகழ்ந்தவற்றைக் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆங்கிலத்திலும் பழங்குடி மொழிகளிலும் ஒலிபரப்பியது. ஓர் ஊரார் கேட்ட வினாவைத் தொலைவிலுள்ள மற்றோர் ஊரார் அறிந்தனர். நிபுணர் கூறியது நிபுணருக்குள் அடங்கிப் போகவில்லை.

1977ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிக்கையின் முதற்பாகம் வெளியாயிற்று. வட யூக்கொன் வழியாக எக்காலத்தும் குழாய்வழி அமைத்தலாகாது என்றும், மக்கென்சிப் பள்ளத்தாக்கில் மக்களின் நில உரிமைகள் தீர்க்கப்படும்வரை பத்து ஆண்டுகளுக்கு அதனை ஒத்திவைக்க வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார். கட்டுமான வேலைகள் முடிந்ததும் வேலைவாய்ப்பும் முடிந்துவிடும் என்பதையும், வேட்டையாலும் மீனாலும் கிடைக்கும் உணவின் பெறுமதி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். ஒரு குழாய் ஒரு குழாயோடு நில்லாது, அதன் பின்னே தெருக்களும் பிற குழாய்களும் வரும். ஆகவே அனைத்தின் விளைவையும் ஒருங்கே நோக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

அவ்வொத்திவைப்பு முன்னேற்றத்தைத் தடுத்தது என்று குறைகூறினோர் உளர். அக்குறையை எளிதாகத் தள்ளிவிடலாகாது; வறுமையிலுள்ளோர்க்கு வருவாயும் ஓர் உரிமையே. ஆயின் பின்னர் நடந்ததைக் காண்போம். 1984இல் இனுவியாலுயிட் மக்களுடனும், 1992இல் குவிச்சின் மக்களுடனும், 1993இல் சாத்து மக்களுடனும் நில உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. கரிபூக்கள் கன்று ஈனும் நிலத்தில் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. பின்பு பள்ளத்தாக்கின் வழியே புதிய குழாய்த் திட்டமொன்று எழுந்தபோது, பழங்குடிக் குழுவொன்று அதில் மூன்றிலொரு பங்குக்கு உரிமை கோரிப் பங்காளியாக நின்றது. முன்பு எதிர்த்தோரிற் சிலர் இப்போது ஆதரித்தனர். 2011இல் அத்திட்டத்துக்கு அரசாங்க அனுமதியும் கிடைத்தது. எனினும், எரிவாயுச் சந்தை மாறிப்போனமையால் 2017இல் நிறுவனங்களே அதனைக் கைவிட்டன. எனவே, அம்மக்கள் மறுத்தது குழாயை மாத்திரமன்று; தம்மைக் கேளாமல் வரும் குழாயை.

நம் நாட்டிலும் மன்னார்ப் படுகையில் 2011இல் எரிவாயு கண்டறியப்பட்டது. அக்கடலை நம்பி வாழும் மீனவரும், மன்னார்க் குடாவின் கடற்பசுவும் நாமறிந்தனவே. தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தம், தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைக்க 30 நாள் அவகாசம் அளித்தது. பலநூறு பக்கங்கள் கொண்ட அறிக்கையைப் படித்து, விளங்கி, எழுத முப்பது நாள் போதுமா என்பது ஒரு வினா. அதற்குமுன் கேட்கவேண்டியது, கரையோரத்து மீனவன் அதனைத் தன் மொழியில், தனக்கு விளங்கும் நடையில் படிக்க வகையுண்டா என்பதே.

ஒரு மதிப்பீடு உண்மையானதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அதன் முடிவில் "வேண்டாம்" என்ற விடைக்கும் இடமிருந்ததா என்று பாருங்கள். இடமில்லையெனில், அது எத்துணைத் தடித்த நூலாயினும் வெறும் சடங்கே. இடமிருந்தால், "ஆம்" என்ற விடையும் மதிப்புப் பெறும். இத்தகைய அறிவித்தல் உங்கள் ஊருக்கு வரும் நாளில், அதனைப் படிக்க இயன்றோர் இயலாதோர்க்கு வாசித்துக் காட்டுவார்களாக. முப்பது நாளில் முதல் நாளையேனும் நாம் வீணாக்காதிருக்க அது உதவும்.