மனத்துக்கேற்ற மருத்துவம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் செல்ல நாம் கூசுவதில்லை. மனம் நொந்தாலோ, ஊரார் என்ன சொல்வரோ என்று அஞ்சி இருந்துவிடுகிறோம். அவ்வச்சத்தைக் கடந்து வைத்தியரின் வாசல்வரை சென்றவரும், சில வேளை மனமுடைந்து திரும்பிவிடுகின்றனர். அதுபற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

யான் சபையில் வாய் திறக்க அஞ்சியவன். கை நடுங்கும், நா வறளும். சர்வகலாசாலையிற் சேர்ந்த பின் ஓர் உளவளத்துணையாளரை நாடினேன். அவர் அன்பானவர், என் பிள்ளைப்பருவ நினைவுகளைப் பொறுமையோடு கேட்டார். மூன்று மாதம் சென்றும் பயம் போகவில்லை. "எனக்கு இது சரிவராது" என்று கைவிட்டேன். சரிவராதது அந்த ஒரு முறை மட்டுமே என்பதை அன்று யான் அறியவில்லை.

மனத்துக்கு மருத்துவம் ஒன்றல்ல, பல. வியன்னா நகரத்துப் பிராய்ட், உள்ளத்தில் மறைந்து கிடக்கும் பழைய முரண்பாடுகளைப் பேச்சினால் வெளிக்கொணர முயன்றார். அமெரிக்கரான கார்ல் றோஜர்ஸ், குற்றங்காணாது செவிமடுத்தலையே சிகிச்சையின் உயிராகக் கொண்டார். தென்னாபிரிக்காவிற் பிறந்த ஜோசப் வோல்ப், 1958ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், உடலைத் தளர்த்திக்கொண்டு சிறு பயத்திலிருந்து பெரும் பயம்வரை படிப்படியாக ஏறும் வழியை விளக்கினார். ஆரன் பெக் உளப்பகுப்பாய்வு பயின்றவர். ஆயினும் 1960களில், சோர்வுற்றோர் மனத்தில் தாமாக எழும் எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் புதுவழியை வகுத்தார். வைத்தியரே தாம் கற்ற முறையை மாற்றினாரெனின், நோயாளி ஏன் தயங்க வேண்டும்?

ஆதலின், உதவி நாடுவோர் முதலில் தம்மையே கேட்டல் வேண்டும்: என்னை வருத்துவது குறித்த ஒரு பயமா, நீங்காத சோர்வா, இழப்பின் துயரா, உறவுகளில் மீண்டும் மீண்டும் நேரும் சிக்கலா? பின்னர் துணையாளரைக் கேட்கலாம்: எனக்குத் தாங்கள் கையாளப்போகும் முறை யாது? எவ்வளவு காலத்தில் மாற்றம் தெரியலாம்? தெரியாவிடின் என் செய்வோம்? நல்ல வைத்தியர் இதற்குக் கோபியார். முறையைப் போலவே, இருவருக்குமிடையே வளரும் நம்பிக்கையும் குணத்துக்குக் காரணமாகும். சில வாரம் பொறுத்தும் பயனில்லையேல் அதனை அவரிடமே சொல்லுங்கள். முறை மாறலாம், ஆள் மாறலாம், முயற்சி நிற்கலாகாது. ஆனால், உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தாலோ, பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்டாலோ, பொருத்தம் பார்த்துக் காலங்கடத்தாது உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். இலங்கையில் 1926 என்னும் மனநல உதவித் தொலைபேசியும் உண்டு.

பெரியோர்களே! நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவமென வள்ளுவர் வகுத்தார். அந்த நான்காமவர் நீங்களே. யான் சோர்ந்திருந்தபோது, "உனக்கென்ன விசரா?" என்று கேளாது, "இவர் சரிவராவிட்டால் இன்னொருவரிடம் போவோம், தம்பி" என்றவர் என் பெரியம்மா. அடுத்த துணையாளர் முதலில் ஒருவர் முன், பின்னர் ஐவர் முன் எனப் பேசப் பழக்கினார். இன்று உங்கள் முன் நிற்கிறேன். கை இன்னும் சற்று நடுங்குகிறது. ஆயினும் பேசி முடித்துவிட்டேன்.