வர்த்தக சபை யாருக்கு? கடைக்காரருக்கு மட்டுமா, ஊருக்குமா?

(காரைக்கால் மக்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



பேச்சு முடியும் வரை போனைப் பையில் வைங்க என்று நான் சொல்ல மாட்டேன். வெளியிலேயே இருக்கட்டும். மேப்பைத் திறந்து காரைக்கால் என்று தேடிப் பாருங்க. கிழக்கே வங்கக் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நம்ம தலைநகரமான புதுச்சேரி வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன இந்த மண், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது. அன்று இருந்த எல்லைதான் இன்றும் நம்ம மாவட்ட எல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 2 லட்சம் பேர் இருக்கிறோம்.

சின்ன ஊர், தனியாகத் தள்ளி இருக்கும் ஊர். இப்படிப்பட்ட ஊரின் குரல் மேலே கேட்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கு இருக்கும் வழிகளில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வர்த்தக சபை. கடைத்தெருவில் எல்லோரும் 'சேம்பர்' என்று சொல்வது அதைத்தான். "எனக்குக் கடையே இல்லையே, நான் எதுக்குக் கேக்கணும்?" என்று யாராவது நினைத்தால், ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக் கேளுங்க.

எல்லைக்கோடு கல்லாப்பெட்டி வரை வரும்

ஓர் உதாரணம் சொல்றேன். நிரவியில் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவருடைய மச்சான் நாகூரில் அதே மாதிரி கடை வைத்திருக்கிறார். இரண்டு கடைக்கும் நடுவில் பைக்கில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்க. நிரவிக் கடையின் எண் 34-ல் தொடங்கும், நாகூர்க் கடையின் எண் 33-ல் தொடங்கும். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு மாநிலக் கடைகள்.

2019 ஏப்ரலில், பொருள் மட்டும் விற்பவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டிய ஆண்டு விற்றுமுதல் வரம்பு பல மாநிலங்களில் 20 லட்சத்தில் இருந்து 40 லட்சமாக உயர்ந்தது. தமிழ்நாடு அதில் சேர்ந்தது. 20 லட்சத்திலேயே நின்ற பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. அதாவது நாகூர் மச்சானுக்குப் பதிவு தேவைப்படாத அதே வியாபாரத்துக்கு, நிரவிக்காரர் பதிவு எடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் இருக்கு. பதிவு எடுக்காத சிறு வியாபாரி, நாகூரில் உள்ள வாடிக்கையாளர் வீட்டுக்குச் சரக்கை அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பனை. அதற்கு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். காம்போசிஷன் முறையில் வரி கட்டுபவர் அப்படிப் பொருளை அனுப்பவே கூடாது. பெரிய மாநிலத்தின் நடுவில் இருக்கும் கடைக்காரருக்கு இந்த விதி தெரியவே தெரியாது. நமக்கோ வாஞ்சூரைத் தாண்டினாலே அது வந்து நிற்கும்.

இதை அந்த நிரவிக்காரர் தனியாகப் போய் யாரிடம் சொல்வார்? சொன்னாலும் அது ஒரு ஆளுடைய புலம்பலாகத்தான் போகும். அதையே நூறு கடைக்காரர்கள் சேர்ந்து, எவ்வளவு வியாபாரம் கைவிட்டுப் போகிறது என்று கணக்கோடு எழுதிக் கொடுத்தால், அதற்கு ஒரு கோப்பு எண் விழும். பதில் சொல்ல வேண்டிய கடமை வரும். சேம்பர் இருப்பது இதற்காகத்தான்.

வியாபாரிகள் காத்த குளம்

இது நேற்று வந்த யோசனை இல்லை. உலகத்தின் முதல் வர்த்தக சபை என்று சொல்லப்படுவது 1599-ல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் தொடங்கியது. சென்னையில் ஆங்கிலேய வணிகர்கள் 1836-ல் மெட்ராஸ் சேம்பரைத் தொடங்கினார்கள். இந்திய வணிகர்கள் தங்களுக்கென்று 1909-ல் தென்னிந்திய வர்த்தக சபையை அமைத்தார்கள்.

ஆனால் நம்ம ஆட்கள் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே சங்கம் வைத்தவர்கள். ஐநூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களைக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். தாய்லாந்தின் தகுவாபா என்ற இடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் அங்கே ஒரு குளம் வெட்டினார், அதற்கு அவனிநாரணம் என்று பெயர், அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாரிடமும் அங்கிருந்த படையினரிடமும் ஒப்படைக்கப்பட்டது என்பது அதன் செய்தி. நாங்கூர் எங்கே இருக்கு? நமக்கு வடக்கே, சீர்காழிக்குப் பக்கத்தில். நம்ம பக்கத்து ஊர்க்காரர் கடல் கடந்து போய்க் குளம் வெட்டியிருக்கிறார், வியாபாரிகள் சங்கம் அதைக் காத்திருக்கிறது. லாபக் கணக்கு பார்க்கும் சங்கத்துக்கு ஊர்க் குளத்தைக் காப்பதும் வேலையாக இருந்திருக்கிறது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கு. காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறும் திருமலைராயனாறும் இங்கே வந்துதான் கடலில் சேர்கின்றன. மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது நாம், மேலே வெள்ளம் வந்தால் கடைசியில் தாங்குவதும் நாம். 2019-ல், விக்ராந்த் ராஜா மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, 'நம் நீர்' என்ற திட்டத்தில் மூன்றே மாதத்தில் 178 நீர்நிலைகள் தூர்வாரப்பட்டன. எப்படி முடிந்தது? அரசுத் துறைகள் ஆளுக்குக் கொஞ்சம் குளங்களைத் தத்தெடுத்தன. தொழில் நிறுவனங்களும் கோயில்களும் கை கொடுத்தன. ஊர்மக்களும் இறங்கினார்கள்.

அந்தக் குளங்கள் அதோடு அப்படியே இருந்துவிடாது. வருஷா வருஷம் ஆகாயத்தாமரை மண்டும், பிளாஸ்டிக் சேரும், வரத்து வாய்க்கால் அடைபடும். தொடர்ந்து பார்த்துக்கொள்ள நிலையான ஓர் அமைப்பு வேண்டும். ஆட்சியர் மாறுவார், சங்கம் ஊரிலேயே இருக்கும். 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நம்ம ஊரில் துறைமுகம் இருக்கு, ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கு. எந்தக் குளத்துக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு, அவர்களோடு உட்கார்ந்து பேச சேம்பரால் முடியும்.

நாற்காலி இருக்கும் இடங்கள்

சேம்பருக்கு இன்னொரு பலமும் உண்டு. தனி மனிதருக்கு நாற்காலி இல்லாத சில கூட்டங்களில் அதற்கு நாற்காலி இருக்கிறது.

ஒன்று, ரயில்வே. ஒவ்வொரு ரயில்வே கோட்டத்திலும் ரயில் உபயோகிப்பாளர் ஆலோசனைக் குழு இருக்கும். அதில் வர்த்தக சபைகளின் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. நாம் இருப்பது திருச்சி கோட்டத்தில். பேரளத்தில் இருந்து காரைக்காலுக்கு 1898-லேயே ரயில் வந்தது. 1980-களில் அந்தப் பாதையை மூடினார்கள். 2011-ல் நாகூர் வழியாக ரயில் திரும்பி வந்தது. பேரளம் பாதை மறுபடியும் வேண்டும் என்று வியாபாரிகளும் பயணிகளும் வருஷக்கணக்கில் கேட்டார்கள். கடைசியில் சுமார் 23 கிலோமீட்டருக்கு அகலப்பாதை போடப்பட்டது. ஒரு தலைமுறை தாண்டியும் கோரிக்கையை யாரோ கையில் பிடித்துக்கொண்டே இருந்ததால்தான் இது நடந்தது. எந்த நேரத்துக்கு ரயில் வேண்டும், எந்த நிலையத்தில் சரக்கு ஏற்ற வசதி வேண்டும் என்பதை இனியும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு, 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம். இதன்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கு இடம் உண்டு. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதை அந்தக் குழுவின் ஆலோசனையோடுதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதே குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் சாலையோர வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதை மறக்கக் கூடாது.

சேம்பர் ஊருக்கு மாற்று ஆகாது

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம்ம ஒன்றியப் பகுதியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பிறகு பல ஆண்டுகள் வார்டு உறுப்பினர் இல்லாமலே ஊர் நடந்தது. அப்படிப்பட்ட காலத்தில் தெருவிளக்கு, சாக்கடை என்று எதற்கும் மனு எடுத்துக்கொண்டு போவது சங்கங்கள்தான். அது நல்லதுதான். ஆனால் சேம்பரை ஊர்மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. சந்தா கட்டியவர்களின் சங்கம் அது.

அதனால் ஓர் ஆபத்து உண்டு. பாரதியார் சாலையில் பெரிய கடை வைத்திருப்பவருக்கு, வாசலில் கூடை வைத்து மீன் விற்கும் அம்மா இடைஞ்சலாகத் தெரியலாம். அந்த அம்மா கிளிஞ்சல்மேட்டில் இருந்தோ பட்டினச்சேரியில் இருந்தோ விடியற்காலையில் கிளம்பி வந்திருப்பாங்க. அவங்களும் வியாபாரிதான். பெரிய கடைக்காரர்கள் மட்டும் பேசும் சேம்பர், 'ஊர் சொல்லுது' என்று சொன்னால், அங்கே ஊரில் பாதிப் பேர் இல்லை என்று அர்த்தம். சின்னக் கடைக்காரர், பெண் தொழில்முனைவோர், வீட்டில் இருந்தே போனில் ஆர்டர் வாங்கித் தின்பண்டம் செய்து அனுப்பும் தங்கச்சிகள், இவங்க எல்லாரும் உள்ளே வந்தால்தான் அது நம்ம சேம்பர்.

நீங்க என்ன செய்யலாம்?

நாலு விஷயம் சொல்றேன். எல்லாவற்றையும் போனிலேயே ஆரம்பிக்கலாம்.

ஒன்று: சின்னத் தொழிலோ கடையோ இருந்தால் உத்யம் பதிவு எடுங்க. சில்லறை, மொத்த வியாபாரிகளும் 2021 ஜூலை முதல் வங்கி முன்னுரிமைக் கடனுக்காக இதில் சேரலாம். அரசு இணையதளத்தில் இதற்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீங்க.

இரண்டு: தெருவில் குறை இருந்தால் தேதி தெரியும்படி படம் எடுங்க. வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு நிறுத்தாதீங்க. அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் பதிவு செய்து எண்ணை வாங்கி வைங்க. ஒரே தெருவில் இருந்து இருபது எண்கள் இருந்தால், அதைச் சேர்த்து சேம்பரிடம் கொடுங்க. அவர்கள் கூட்டத்தில் பேச அதுதான் ஆதாரம்.

மூன்று: கடைக்காரராக இருந்தால் சந்தா மட்டும் கட்டிவிட்டு வராதீங்க. பொதுக்குழுவுக்குப் போங்க. வரவு செலவைக் கேளுங்க. இந்த வருஷம் ஊருக்காக என்ன செய்தோம் என்று கேளுங்க. கேள்வி கேட்பது சண்டை இல்லை.

நான்கு: வாடிக்கையாளராக இருந்தால் உங்க உரிமையும் தெரிந்திருக்கட்டும். பில் கேளுங்க. பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நேர்மையாக நடக்கும் கடைக்காரருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, லாபம்தான்.

முடிக்கிறேன். நம்ம ஊரின் பெயரை உலகுக்குச் சொன்ன காரைக்கால் அம்மையார் ஒரு வணிகர் வீட்டுப் பெண். ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வீசும்போது, வீசுபவர் யார், பிடிப்பவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த நாலு நாள் இருக்கும் மனசு மற்ற நாளிலும் இருந்தால், குளமும் நிற்கும், கடையும் நிற்கும்.

அடுத்த பொதுக்குழு எப்போது என்று இன்றைக்கே விசாரித்து, போன் காலண்டரில் குறித்து வைங்க. அங்கே சந்திப்போம்.