சட்டையில் யார் பெயர்? விளையாட்டின் ஸ்பான்சர் பணமும் சாதியும்



விளையாட்டில் சாதி என்றாலே வீரர் தேர்வைப் பற்றித்தான் பேசுவோம். இன்று நான் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு அணிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தெரு வரை போகிறது, எந்தத் தெருவுக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறது என்று பார்த்தால் ஒன்று புரியும். தேர்வுக் குழு உட்காருவதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது.

ஐபிஎல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு அணிக்கு வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று பொதுப் பணம். ஒளிபரப்பு உரிமையையும் டைட்டில் ஸ்பான்சர் உரிமையையும் கிரிக்கெட் வாரியம் விற்கிறது. அதில் ஏறத்தாழ பாதி அணிகளுக்குப் பிரிக்கப்படுகிறது. இன்னொன்று அணி தானே சம்பாதிப்பது: ஜெர்சியின் நெஞ்சு, முதுகு, கை, ஹெல்மெட் என ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலை, அதோடு டிக்கெட், ஜெர்சி விற்பனை.

இதில் உண்மையில் விற்பனையாவது எது? நம் பாசம். 2008-ல் ஒரு சிமெண்ட் கம்பெனி 9.1 கோடி டாலருக்கு ஓர் அணியை வாங்கியது. அணிக்கு வைத்த பெயர் சென்னை. நீங்களும் நானும் விசில் அடித்தது சிமெண்டுக்காக அல்ல, ஊருக்காக. அந்த விசிலைக் கணக்குப் போட்டுத்தான் ஸ்பான்சர் காசு தருகிறார். விசில் அடிப்பது குற்றமில்லை. ஆனால் நாம் வெறும் பார்வையாளர்கள் இல்லை, அந்த வருமானத்தை உண்டாக்குகிறவர்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சில கணக்குகளைப் பார்ப்போம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஒரு போட்டிக்குச் சுமார் 118 கோடி. 2025 சீசனுக்கு ஒரு அணி வீரர்களை வாங்க வைத்திருந்த ஏலத் தொகை 120 கோடி. ஆக, ஒரே ஒரு போட்டியின் ஒளிபரப்புப் பணமும் ஒரு முழு அணியின் ஏலத் தொகையும் ஏறத்தாழ சமம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் மொத்த வருமானத்தில் சுமார் பாதி வீரர்களுக்குப் போகிறது. காரணம், அங்கே வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. இங்கே 2019-ல் உருவான கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. களத்தில் ஆடுகிறவருக்காகப் பேரம் பேச ஆளில்லை.

அடுத்து கபடிக்கு வருவோம். 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஒரு அணி ஒரு சீசனுக்கு ஏலத்தில் செலவிடக்கூடிய உச்சவரம்பு 5 கோடி. ஐபிஎல்லில் ஒரு ஓவருக்கு ஒளிபரப்புப் பணம் கிட்டத்தட்ட 3 கோடி. அதாவது இரண்டு ஓவர் வீசி முடிப்பதற்குள், ஒரு கபடி அணி முழுவதற்குமான விலை வந்துவிடுகிறது.

'கபடிக்கு மார்க்கெட் இல்லை, என்ன செய்வது?' என்பார்கள். மார்க்கெட் என்றால் என்ன? விளம்பரதாரர் ஆட்டத்தை வாங்குவதில்லை. கார், காப்பீடு, விமான டிக்கெட் வாங்கக்கூடிய கண்களை வாங்குகிறார். இந்த நாட்டில் யாரிடம் வாங்கும் சக்தி இருக்கிறது என்பதை நிலமும் படிப்பும் வேலையும் பல தலைமுறைகளாகத் தீர்மானித்து வைத்திருக்கின்றன. அவற்றைத் தீர்மானித்தது சாதி. அதனால்தான் வெறுங்காலோடு மண்ணில் ஆடக்கூடிய ஆட்டத்துக்கு ஒரு விலை, புல்தரையும் மட்டையும் கேட்கும் ஆட்டத்துக்கு வேறு விலை. சந்தை சாதியைப் பார்ப்பதில்லை என்கிறார்கள். சாதி ஏற்கெனவே பங்கு பிரித்துக் கொடுத்ததை வாங்கி விற்கும்போது, தனியாகப் பார்க்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

பணம் போடுகிறவருக்கு இங்கே அதிகாரமும் சேர்ந்தே கிடைக்கிறது. இது புதிதல்ல. 1911-ல் இந்திய அணி இங்கிலாந்து போனது. செலவுக்குப் பணம் தந்தவர்களில் ஒருவரான பாட்டியாலா மகாராஜாதான் கேப்டன். பல ஆட்டங்களில் அவர் களமிறங்கவே இல்லை. அதே பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர் பல்வங்கர் பாலு. சாமர் சமூகத்தில் பிறந்து, புனாவில் ஐரோப்பியர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளம் பராமரித்தவர். இந்து அணிக்காக அவர் விக்கெட் எடுக்கலாம். தேநீர் மட்டும் வெளியே, மண் குவளையில். அந்த அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

இன்றைக்கு ஊர்த் திருவிழாவில் கபடிப் போட்டி நோட்டீஸைப் பாருங்கள். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர் என்று வரிசையாகப் பெயர்கள். அவர்கள்தான் அந்த ஊரின் ஸ்பான்சர்கள். பல ஊர்களில் சேரி அணி ஆடலாமா கூடாதா என்பதும் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அளவு வேறாக இருந்தாலும் கிரிக்கெட்டில் நடப்பதும் இதுவே. சென்னை லீக் கிரிக்கெட்டைப் பல காலமாகத் தாங்கி நின்றவை கம்பெனி அணிகள். ஆட்டம், வேலை, பயிற்சி எல்லாம் கம்பெனி வாசல் வழியாக வந்தன. அந்த வாசலுக்கு அறிமுகம் வேண்டும். விளைவு என்ன? 2018-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வந்த ஒரு கட்டுரை, அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய 289 ஆண்களில் தலித்துகள் 4 பேர் மட்டுமே என்று எண்ணிக் காட்டியது.

பெண்கள் நிலை இன்னும் மோசம். கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியின் துணைக் கேப்டன். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அங்கிருந்து ஒரு பெண் ஆசியா வரை போகிறார். ஆனால் ஆண்களின் புரோ கபடி ஆண்டுதோறும் நடக்கும்போது, பெண்களுக்கென 2016-ல் மூன்று அணிகளோடு அதன் கூடவே நடந்த போட்டி ஒரே சீசனோடு நின்றது.

'தனியார் பணம், அவர்கள் இஷ்டம்' என்று சொல்வார்கள். முழுக்கத் தனியார் பணமா இது? சேப்பாக்கம் மைதானம் இருப்பது அரசு நிலத்தில், குத்தகையில். ஐபிஎல் நடத்துவதால் மட்டும் கிரிக்கெட் வாரியத்தின் அறப்பணி அமைப்பு என்ற தகுதி போய்விடாது என்று 2021-ல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. அறப்பணி என்று வரிச்சலுகை கேட்டால், யாருக்கு அறம் செய்தீர்கள் என்று நாம் கேட்கலாம்.

வேறு வழி உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2018-ல் இந்திய ஹாக்கி அணிகளுக்கு ஒடிசா அரசு ஸ்பான்சர் ஆனது. சுந்தர்கர் போன்ற ஆதிவாசிப் பகுதிகள் வீரர்களைத் தந்துகொண்டே இருக்கும் மாநிலம் அது. ஒரு மாநில அரசு தன் பெயரை ஜெர்சியில் போட முடிந்தது. ஆனால் ஜெர்சி மட்டும் போதாது. 2021 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பெண்கள் அணி தோற்றபோது, வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். ஜெயித்தால் 'நம்ம பொண்ணு', தோற்றால் சாதிப் பெயர்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் சங்கங்கள், சேரிகளிலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் மைதானமும் பயிற்சியாளரும் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். தங்கள் பயிற்சி மையங்களில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்பதை அவை வெளியிட வேண்டும். தமிழ்நாடு அரசும் பொதுத்துறை நிறுவனங்களும் விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு பெண்கள் கபடி லீக்குக்குப் போக வேண்டும். ஆடுகிறவர்களுக்குச் சங்கம் வேண்டும்.

அடுத்த சீசனிலும் மேட்ச் பாருங்கள், நானும் பார்ப்பேன். பார்க்கிற பாசத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்றால், அந்த விலையில் பங்கு கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.