வேகமானிக்கு இரண்டாம் இடம்

பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடைய மோட்டார் வண்டியை நான் பாழாக்கிவிட்டேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்றைய பேச்சைத் தொடங்குவதே முறை.

அது இருவர் மட்டும் அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் பெயர் இங்கே வேண்டாம். நண்பர் அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பேணி வந்தார். ஏற்காட்டு மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்டபோது, மறுக்க மனமின்றிச் சாவியைக் கொடுத்தார். ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னே, என் கண்ணுக்கு நேராக, இரண்டு பெரிய வட்ட டயல்கள் இருந்தன. ஒன்று வண்டியின் வேகத்தைக் காட்டுவது; மற்றொன்று எஞ்சினின் சுழற்சியைக் காட்டுவது. கொண்டை ஊசி வளைவுகளில் கியரை மாற்றி மாற்றி ஏறுகையில் அந்த முட்கள் எழுவதும் தாழ்வதும் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தன. டாஷ்போர்டின் மறுகோடியிலோ, எலுமிச்சம்பழத்தின் குறுக்களவே உள்ள மூன்று சிறு டயல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று எண்ணெய் அழுத்தமானி. எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த முள் மெல்ல மெல்லச் சரிந்து சுழியத்தைத் தொட்டிருக்கவேண்டும். நான் பார்க்கவில்லை. எஞ்சினுக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை எழுந்த பிறகே வண்டியை நிறுத்தினேன்.

செய்தி என் கண்முன்னே எழுதப்பட்டுத்தான் இருந்தது; ஆனால் நான் பார்க்கும் இடத்தில் எழுதப்படவில்லை. அன்று முதல், எந்த வண்டியில் ஏறினாலும் அதன் டயல்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 30 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் பாதையிலிருந்து கண்ணை எடுத்து, டயலைப் பார்த்து, மறுபடியும் பாதைக்குத் திரும்ப ஒரு நொடி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். அந்த 30 மீட்டர் தூரம் அவர் கண்ணில்லாமல் ஓட்டுகிறார். கழுத்தைத் திருப்பித் தேடவேண்டிய டயலானால் அந்தத் தூரம் இன்னும் நீளும். டயலை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பன அழகைப் பற்றிய கேள்விகள் போலத் தோன்றினாலும், அவற்றின் அடியில் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

வேகமானி எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருவி அது. கியர்ப் பெட்டியிலிருந்து வளையக்கூடிய ஒரு கம்பி வடம் வந்து, டயலுக்குப் பின்னே ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தம் சுழலும்போது கிண்ணத்தின் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை கிண்ணத்தையும் காந்தத்தோடு இழுக்கின்றன. மயிரிழை போன்ற ஒரு வில்சுருள் அதைப் போகவிடாமல் பிடித்திருக்கிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் கிண்ணம் நிற்கிறது; அதில் பொருத்திய முள்ளும் நிற்கிறது. இந்த எளிய ஏற்பாடே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் உலகத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேகம் காட்டிற்று.

அந்த முள் வட்டத்தில் சுற்றுவதிலும் ஓர் ஆதாயம் உண்டு. 1950-களில் அமெரிக்க வண்டிகள் பலவற்றில் வேகமானியை நீண்ட பட்டையாக, அடிக்கோலைப் போல அமைத்தார்கள். பார்ப்பதற்குப் புதுமையாகத்தான் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் செய்தவர்களோ வட்டத்தைக் கைவிடவில்லை. பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள இடத்தில் பட்டை வைத்தால் அளவுகோலின் நீளம் பத்து சென்டிமீட்டர்தான். அதே இடத்தில் வட்டம் வைத்து, முள்ளை முக்கால் சுற்றுச் சுழலவிட்டால், அளவுகோல் 23 சென்டிமீட்டருக்கும் மேல் நீள்கிறது. கோடுகளுக்கு இடையே இடம் கிடைக்கிறது. அதோடு முள்ளின் சாய்வே ஒரு செய்தியாகிறது.

இந்தச் சாய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பரீட்சை எழுதும் அறையில் சுவர்க் கடிகாரத்தை எத்தனை முறை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள்! அப்போது மணி பன்னிரண்டு நாற்பத்திரண்டு என்றா படிக்கிறீர்கள்? பெரிய முள்ளுக்கும் முடிவு நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைத்தான் கண் அளக்கிறது. எண்களால் மட்டும் காட்டும் கடிகாரமானால் மனத்துக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போடவேண்டும். முள் அந்தக் கழித்தலை நமக்காகப் போட்டுத் தருகிறது.

ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுபவருக்கு மிகவும் தேவைப்படுவது இத்தகைய இடைவெளிதான். எஞ்சினின் சுழற்சி குறைவாக இருந்தால் அதில் வலு இருப்பதில்லை. மிகையானாலோ ஆபத்து, வால்வுகளை மூடும் வில்சுருள்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும், மூடாத வால்வின் மேல் பிஸ்டன் மோதினால் எஞ்சின் சிதையும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எஞ்சினை வைத்துக் கியர் மாற்றுவதே ஓட்டுபவரின் கலை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைக் காட்டும் டாக்கோமீட்டர் இதற்காகவே ஏற்பட்டது. நாம் அதைச் சுழற்சிமானி என்று சொல்லலாம். அதில் சிவப்பாக வரைந்த பகுதிதான் மேல் எல்லை. பந்தயத் தடத்திலே வேகத்துக்குச் சட்ட வரம்பு கிடையாது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சிவப்புக்கு இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கருத்தைத் தயங்காமல் டாஷ்போர்டிலேயே எழுதிக்காட்டிய வண்டி ஒன்று உண்டு. 1964-இல் விற்பனைக்கு வந்த ஜெர்மானிய வண்டியான போர்ஷே 911-இல் ஐந்து வட்டங்கள் ஒரு வரிசையாக நின்றன. நடுவிலே, எல்லாவற்றிலும் பெரியதாக, சுழற்சிமானி. வேகமானி அதற்கு வலப்பக்கம் தள்ளி நின்றது. இடப்பக்கத்திலே எண்ணெயின் வெப்பமும் அழுத்தமும். அதற்கும் அப்பால் பெட்ரோலின் அளவும் எண்ணெயின் அளவும். வலக்கோடியில் கடிகாரம். ஓரத்து வட்டங்களை ஸ்டீயரிங் சக்கரம் சற்றே மறைக்கக்கூடும். மறைந்தாலும் உடனே கேடு வராத செய்திகளையே அங்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது. காற்றும் எண்ணெயும்தான் அதைக் குளிர்விப்பவை. எனவே எண்ணெய்க்குச் சுழற்சிமானியின் பக்கத்திலேயே ஆசனம் கிடைத்தது. இதைப் பார்க்கும்போதெல்லாம் ஏற்காட்டு நிகழ்ச்சியை நினைத்து நான் பெருமூச்சு விடுவதுண்டு.

எல்லோரும் இப்படி எண்ணவில்லை. 1959-இல் வந்த இங்கிலாந்தின் மினி வண்டியில் வேகமானியைப் பலகையின் நட்டநடுவிலே வைத்தார்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தாலும் பொருந்திவிடும், செலவும் மிச்சம். சிறு வண்டிக்கு அது தக்க யோசனையே. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் சுழற்சிமானியும் வேகமானியும் ஓட்டுபவரின் எதிரே நின்றன. எண்ணெய் அழுத்தம் முதலிய நான்கு சிறு மானிகள் நடுப்பலகையில் விசைகளின் வரிசைக்கு மேலே அமர்ந்தன. வண்டியின் அழகுக்கு உலகமே தலைவணங்கிற்று. நானும் வணங்குகிறேன், ஆனாலும் அந்த எண்ணெய் மானி இன்னும் சற்று அருகில் இருந்திருக்கலாம்.

மானியை வைக்கும் இடத்தால் மனிதன் தவறு செய்வான் என்பதை முதலில் விரிவாக ஆராய்ந்தது விமானத் துறைதான். 1947-இல் அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இருவர், விமானிகள் மானிகளைப் படிப்பதில் செய்த 270 பிழைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். விமானியின் கவனக்குறைவு என்று அதுவரை பெயர் சூட்டப்பட்டவற்றுள் பல, மானியின் அமைப்பிலேயே ஒளிந்திருந்த பிழைகள் என்பது அதிலிருந்து புலப்பட்டது. என் குற்றத்தை இதைச் சொல்லித் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. பாதிக் குற்றத்தையாவது அந்த டாஷ்போர்டு ஏற்கவேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

பந்தயக்காரர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டிருக்கிறார்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒருமுறை ஒரு வண்டியினுள் எட்டிப் பார்த்தேன். டயல்கள் எல்லாம் கோணலாகத் திருப்பிப் பொருத்தப்பட்டிருந்தன. சில எண்கள் படுத்துக்கிடந்தன. பொருத்தியவர் அவசரத்தில் தவறிவிட்டாரோ என்று அருகிலிருந்த மெக்கானிக்கைக் கேட்டேன். அவர் சிரித்தார். “ஓடும்போது எண்ணை யார் சார் படிக்கிறார்கள்? எல்லா முள்ளும் நேராக நின்றால் சரி” என்றார். ஒவ்வொரு டயலையும், அதன் நல்ல அளவு உச்சியில் வரும்படி திருப்பிவிடுகிறார்கள். எண்ணெய் அழுத்தம், எண்ணெய் வெப்பம், நீர் வெப்பம் என்று எத்தனை முட்கள் இருந்தாலும், எல்லாம் செங்குத்தாக நிற்கும்வரை கவலையில்லை. ஒன்று சாய்ந்தால், அணிவகுப்பில் ஒருவன் மட்டும் கால் மாற்றி வைத்ததைப் போல, கண் அதைத் தானே பிடித்துவிடும்.

எண் வந்து முள்ளை விரட்டிய காலமும் உண்டு. 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்வெட் வண்டி, முட்களை அறவே நீக்கி, ஒளிரும் எண்களும் வண்ணப் பட்டைகளும் கொண்ட பலகையோடு வந்தது. 1990-இல் அந்தப் பலகையை மாற்றினார்கள்: வேகம் எண்ணாகவே நின்றது, சுழற்சிக்கோ முள் திரும்பி வந்தது. இந்தப் பாகுபாடு எனக்குச் சரியாகவே படுகிறது. வேகத்துக்குச் சட்டம் இடும் வரம்பு ஓர் எண். அதை எண்ணாகவே பார்ப்பது எளிது. மணிக்கு 300 கிலோமீட்டர் வரை வரைந்த டயலில் ஊருக்குள் செல்லும் வேகங்களெல்லாம் அடியில் நெருக்கிக்கொண்டு கிடக்கும்; 40-க்கும் 50-க்கும் உள்ள வேற்றுமையை அங்கே கண்டுபிடிப்பது கடினம். சுழற்சிக்கு வேண்டியது இடைவெளி. அதற்கு முள்ளே தகும்.

முள்ளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது 2010-இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜப்பானில் வெளிவந்த லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. வண்டியின் எஞ்சின், நின்ற நிலை ஓட்டத்திலிருந்து 9,000 சுற்று வரை 0.6 நொடியில் ஏறிவிடுமாம். பொருளாலான முள்ளுக்கு எடை உண்டு. எடையுள்ள பொருள் அவ்வளவு விரைவாக எழவும் நிற்கவும் முடியாது. ஆகவே திரையில் ஒளியால் ஒரு முள்ளை வரைந்தார்கள். நியூட்டனின் விதிக்குக் கட்டுப்படாத முள் அது! வடிவம் மட்டும் பழைய வட்டமே என்பதை மறக்கவேண்டாம்.

2024-இல் வந்த புதிய 911-இலும் நடுவில் இருந்த உண்மை முள் மறைந்து, முழுப் பலகையும் திரையாகிவிட்டது. அதிலும் ஐந்து வட்டங்களைப் படமாக வரவழைத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

நண்பரின் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் கதை குறையாகும். எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த பேரிங்குகளை மாற்றி, அது மறுபடி ஓடப் பல மாதங்கள் ஆயின. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கோடியில் இருந்த எண்ணெய் மானியைக் கழற்றி, டாஷ்போர்டின் மேலே, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக, சற்றே திருப்பிப் பொருத்தியிருக்கிறார். பழைய வண்டிகளைப் போற்றுபவர்கள் அழகு கெட்டுவிட்டது என்கிறார்கள். அவர் பொருட்படுத்துவதில்லை. சென்ற ஆண்டு சாவியை மறுபடியும் என் கையில் கொடுத்தார். இந்த முறை அவரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏற்காடு வரையில் முள் நேராகவே நின்றது.