வலி வருமுன் கண்டறிவோம்



கல்லீரல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. 1964-இல் சோவியத் விஞ்ஞானி டாட்டாரினோவ், இந்நோயாளியின் இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தைக் கண்டறிந்தார். ஆனால் கட்டி சிறிதாயிருக்கும்போது பலருக்கு அதன் அளவு உயர்வதில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் இதைவிட நம்பகமான அடையாளங்களை இரத்தத்தில் இன்னும் தேடி வருகிறார்கள்.

அதுவரை, ஹெபடைடிஸ் பி கிருமியாலோ குடியாலோ கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு 6 மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தேவை. சிவகாசிப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலையில் நாட்கூலிக்கு உழைப்பவருக்கோ, ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் கூலியில்லை. வலியே இல்லாதபோது எப்படி வருவார்கள்?

பரிசோதனைச் செலவோடு அந்த ஒருநாள் கூலியையும் நாம் தாங்கினால் வருவார்கள். நோயும் குணமாக்கக்கூடிய நிலையிலேயே அகப்படும். உங்கள் காணிக்கையாலும் ஜெபத்தாலும் இந்தப் பாரத்தை எங்களோடு சுமக்க அன்புடன் வேண்டுகிறோம்.